பதினொரு தையல் நேரம்

முதலில் இரண்டானது மாட்டுங்கா ஸ்டேஷன் கடிகாரம்.

நடைமேடையின் கோடியில் நின்றபடி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டி மணி பார்த்தேன். இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டிலும் ஒரே மணி. ரயில்வேக்காரர்கள் புதிதாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் எதிர்க்கோடியிலிருந்து பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது. சரி, ஒன்றைக் கழற்றிவிட்டார்கள் என்று வண்டி ஏறிவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. தாராவியில் தோல், ரெக்சின் வேலை செய்கிறேன். வாகனங்களுக்கு சீட் தைப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. யாரிடமும் முதலில் போய்ப் பேசிப் பழக்கமில்லாதவன். இதை எழுதுவது, இரட்டைப் பார்வை (ஒரே பொருள் இரண்டாகத் தெரிவது) வந்தும் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுக்காக. நான் பன்னிரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். ஒன்பதாவது நாளில் நடந்ததை விட்டுவிட்டு நோயை மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடிகாரத்துக்குப் பிறகு தொண்ணூறடிச் சாலையில் வரும் பஸ் இரண்டானது. அப்புறம் ஆலயத்தில் மேலே எரியும் விளக்கு. தூரத்தில் இருப்பவைதான் இரண்டாயின. கைக்கெட்டும் தூரத்தில் ஊசியும் நூலும் ஒன்றாகவே இருந்தன. இடது கண்ணுக்குப் பின்னால் இரண்டு நாள் ஒரு வலி இருந்தது, பிறகு போய்விட்டது.

வேலை கெடாததால் மறைப்பது எளிதாக இருந்தது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வலது ஓரமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று இரண்டு மூன்று நாளில் கழுத்து தானாகவே கற்றுக்கொண்டது. ஏன் அப்படி என்று நான் யோசிக்கவில்லை. இரண்டாகத் தெரிவது பக்கத்தில் பக்கத்திலா, எந்தப் பக்கம் பார்த்தால் தெரிகிறது என்பதையெல்லாம் கவனிக்கவில்லை. கவனித்தால் அது நோயாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நீரிழிவு (சர்க்கரை நோய்) ஆறு வருடமாக உண்டு. அந்த வருடம் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியதால் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதையும் வீட்டில் சொல்லவில்லை.

அப்போதுதான் விமான சீட் வேலை வந்தது.

கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி ரயிலிலும் ஜீப்பிலுமாக இன்னும் இரண்டு மணி நேரம் போனால் ஒரு சின்ன விமானத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று அங்கே நடக்கிறது. பழைய சீட்டுகளுக்கு உறை மாற்ற ஆள் தேடியபோது, என் மனைவியின் தம்பி ஞானராஜ் அந்த வேலையைப் பிடித்தான். எங்கள் பட்டறையில் வாடிக்கையாளரிடம் பேசுவது அவன், தைப்பது நான். ஆனால் அளவெடுக்க நான்தான் போக வேண்டும்.

அங்கே இரண்டு மாதிரி விமானங்கள் இருந்தன. நாலு பேர் உட்காரும் கார் அளவுதான். ஒன்றில் இறக்கை தலைக்கு மேலே, குடை பிடித்த மாதிரி. இன்னொன்றில் இறக்கை சீட்டுக்குக் கீழே, கால் பக்கம். இரண்டிலும் உட்கார்ந்து அளவெடுத்தேன்.

கற்றுக்கொடுக்கும் கேப்டன் ஒருவர் முதுகு வலிக்காரர். தனக்கென்று கெட்டியான முதுகுத் திண்டு ஒன்று தைத்துத் தரச் சொன்னார். அறுபது வயதிருக்கும், மராட்டியர். ஹிந்தியில் என்னை உஸ்தாத் (தொழிலில் கைதேர்ந்தவர்) என்றே கூப்பிட்டார். இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் அவரை உட்காரவைத்து, முதுகில் நாடாவை வைத்து அளந்தேன்.

"உஸ்தாத், நீ உட்கார்ந்து மேலே பார். என்ன தெரிகிறது?" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். "இறக்கை."

"அவ்வளவுதான். எனக்கு மேலே யார் பறந்தாலும் தெரியாது. அதோ அந்தக் கீழ் இறக்கைக்காரனுக்குக் கீழே யார் இருந்தாலும் தெரியாது. அதனால் நாங்கள் ரேடியோவில் ஓயாமல் பேசிக்கொள்கிறோம், எங்கே இருக்கிறேன், எங்கே திரும்புகிறேன் என்று. என் மனைவி, வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் ஆகாசத்தில் மட்டும் இவ்வளவு பேசுகிறாயே என்கிறாள்."

நான் சிரித்தேன். வீட்டில் வாயைத் திறக்காதவன் என்றதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒன்பதாவது நாள், தைத்த உறைகளை மாட்ட அங்கே போனேன். கேப்டனின் திண்டு மட்டும் பாக்கி. அதன் ஓரம் மெஷினுக்குள் போகாது, கையால்தான் தைக்க வேண்டும். விமானக் கொட்டகையின் நிழலில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். ஓடுதளத்தின் கோடி எனக்கு வலப்பக்கம். பத்தடி தள்ளி ஸ்டோர் பார்க்கும் காம்ளே நாற்காலியில் இருந்தார். அவர் கையில் வாக்கி டாக்கி. அதில் விமானங்களில் இருப்பவர்கள் பேசுவது கரகரவென்று கேட்டபடி இருந்தது. அது ஆங்கிலம், எனக்குப் புரியாது. அங்கே பெரிய விமான நிலையம் போலக் கோபுரத்தில் ஆள் உட்கார்ந்து வழி சொல்வதில்லை. அவர்களே பேசி, அவர்களே இறங்க வேண்டும்.

எங்கள் தையல் இப்படி. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. முதலில் குத்தூசியால் துளை. அதில் இந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி, அந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி. இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினால் ஒரு தையல்.

ஒரு தையலை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்தேன். ஏன் நிமிர்ந்தேன் என்று தெரியவில்லை. கழுத்து வலித்திருக்கலாம்.

வலப்பக்கம் வானத்தில், இறங்க வரும் பாதையில் விமானம் வந்துகொண்டிருந்தது. அது இரண்டாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று.

ஐயோ, இங்கேயும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கோடு கோணலாகத் தெரிந்தால் அளவுகோலைச் சந்தேகப்பட மாட்டோம், முதலில் எங்கள் கண்ணைத்தான் சந்தேகப்படுவோம். எவ்வளவோ தோல் அதனால் வீணாகாமல் தப்பியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் அன்றும் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால் போதும். ஒன்றானால் நோய், இரண்டாகவே இருந்தால் இரண்டு விமானம். அதைச் செய்யவில்லை. ஒன்றாகிவிட்டால் நோய் உறுதியாகிவிடுமே என்று பயம்.

குனிந்துகொண்டேன். குனிந்த பிறகுதான் இடது கண்ணை இறுக மூடினேன். மூடியபடியே தைத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவைக் காலால் மிதித்த மாதிரி. காம்ளே எழுந்து ஓடியபோதுதான் நிமிர்ந்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை.

மேலே இருந்த விமானத்தில் ஒருவர், கீழே இருந்ததில் இருவர். மேலே இருந்தது ஓடுதளத்துக்கு வெளியே உழவு நிலத்தில் வயிறு தேய இறங்கி, அதை ஓட்டியவர் கால் முறிவோடு பிழைத்தார். கீழே இருந்தது விழுந்தது. அதில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மாணவரும் கேப்டனும் இறந்துபோனார்கள்.

போலீஸ் வந்து அங்கிருந்த எல்லோரையும் கேட்டது. என் முறை வந்தபோது, "ஒன்றும் பார்க்கவில்லை, குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன்" என்றேன். எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது என் நோயை என்று நம்பினேன். ஆனால் அதையும் சொல்லவில்லை, அதுவும் உண்மை.

தைத்து முடிக்காத திண்டு என் பையிலேயே வீட்டுக்கு வந்தது.

மூன்று நாள் கழித்து என் மனைவி எஸ்தர் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, ஏன் கோழி பாக்குத மாதிரி தலையச் சாச்சுச் சாச்சுப் பாக்கீங்க?"

"கழுத்துப் பிடிப்பு."

"கழுத்துப் பிடிச்சவன் எப்பவும் சாஞ்சுதான் இருப்பான். நீங்க என்னப் பாக்கும்போதுதான் சாயுதீங்க. நேராப் பாக்க அவ்வளவு கசக்குதா?"

அவள் வாசலில் நின்றிருந்தாள். "நேராப் பாத்தா நீ ரெண்டாத் தெரியுத" என்றேன்.

"ஒருத்திய வச்சே உங்களுக்குச் சமாளிக்க முடியல" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய், கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "மாத்திர போடுதீங்களா இல்லையா?"

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவு நடையில் இருந்தோம். ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு இருந்தது கூச்சமாக இருந்தது.

டாக்டர் அம்மாவுக்குச் சொந்த இடமே மாட்டுங்கா. என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினார். வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பிடித்து, ஒரு சிறு விளக்கை அங்கும் இங்கும் நகர்த்தினார். இடப்பக்கம் போனபோது ஒரு சிவப்பு விளக்கும் ஒரு வெள்ளை விளக்கும் தெரிந்தன. வலப்பக்கம் வந்தபோது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

"ரெண்டாத் தெரியறதே, அது எப்படி? பக்கத்துல பக்கத்துலயா, மேலயும் கீழயுமா?"

"பக்கத்துலதான்."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு தடவையாவது மேல கீழ தெரிஞ்சுதா? அது வேற நரம்பு, அதான் கேக்கறேன்."

"ஒரே ஒரு தடவ தெரிஞ்சுது."

"எங்க?"

"ஆகாசத்துல" என்றேன். "வலப்பக்கம். ஏரோப்ளேன்."

அவர் மறுபடியும் விளக்கை வலப்பக்கம் கொண்டுபோய், மேலே உயர்த்தி, கீழே இறக்கி, பலமுறை சோதித்தார். எப்போதும் ஒன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்கு இடது கண்ணுல ஆறாவது கபால நரம்பு பலவீனமாயிருக்கு" என்றார். (மூளையிலிருந்து வந்து, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் தசையை இயக்கும் நரம்பு அது.) "சர்க்கரையால அந்த நரம்புக்கு ரத்தம் கொறஞ்சிருக்கும். இதுல எப்பவும் பக்கத்துல பக்கத்துலதான் ரெண்டாத் தெரியும், அதுவும் இடப்பக்கம் பாத்தாத்தான். வலப்பக்கம் மேல கீழ ரெண்டு பாத்தேள்னா, அங்க ரெண்டு இருந்திருக்கு. உங்க கண்ணு பண்ணினதில்ல. கவலப்படாதேங்கோ."

ஆறுதலாகத்தான் சொன்னார். எஸ்தர் என் முழங்கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

மூளையில் வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் உள்படம்) எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா தாளை எஸ்தர் பக்கம் திருப்பிக் காட்டினார். மாத்திரை மறுபடி தொடங்கியது. இந்த நரம்பு பெரும்பாலும் தானாகத் திரும்பும், மூன்று மாதம் போல ஆகும், அதுவரை ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இன்று இந்தக் கண், நாளை அந்தக் கண் என்று மாற்றி மாற்றி.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. ஒரு கண்ணை மூடினால் இரட்டைப் பார்வை போய்விடும், ஆனால் ஆழம் தெரியாது. கெட்டிலிலிருந்து டம்ளருக்கு ஊற்றும் டீ டம்ளருக்குப் பக்கத்தில் விழும். கெட்டிலின் மூக்கை டம்ளரின் விளிம்பில் தொடவைத்துவிட்டு ஊற்றுங்கள். எங்கள் வீடும் பட்டறையும் மாடியில், செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். இறங்கும்போது முகத்தை ஏணிக்குத் திருப்பி, காலால் தேடி இறங்கினேன். லோக்கல் வண்டியில் ஏற முதல் மாதம் முயலவே இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெட்கப்பட்டேன், அதனால் சொல்கிறேன்.

உடம்புக்கு மருந்து இருந்தது. மற்றதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கேப்டன் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். மேலே இறக்கை இருந்த அவருக்கு மேலே தெரியாது. கீழே இறக்கை இருந்தவருக்குக் கீழே தெரியாது. இரண்டு சீட்டிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியானால் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது தரையில் நிமிர்ந்த எனக்கு மட்டும்தான். பத்தடியில் வாக்கி டாக்கி. ஒரு வார்த்தை போதும். ஆனால் போதுமா? நான் குனிந்ததற்கும் சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? சில நாள் அது ஒரு நொடி என்று தோன்றும், அன்றைக்குச் சாப்பிடுவேன். சில நாள் கால் மணி நேரம் என்று தோன்றும்.

பையிலிருந்து திண்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் என் தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் திடீரென்று துளைகள் மேலும் கீழும் ஆடின. ஒன்று நெருக்கம், ஒன்று விலகல். நான் அப்படித் தைக்கிறவன் இல்லை. ஒரு கண்ணை மூடிக் குத்தியதால் ஆழம் தெரியாமல் குத்தூசி தப்பியிருக்கிறது. அங்கேதான் நான் குனிந்தேன். பிறகு நூல் பாதியில் நின்று, இரண்டு ஊசியும் தொங்கின. அங்கேதான் சத்தம்.

நடுவில் இருந்த தையலை எண்ணினேன். பதினொன்று.

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஞானராஜைக் கூப்பிட்டாள்.

"மச்சான், ஒண்ணும் பாக்கலன்னு கையெழுத்துப் போட்டாச்சு" என்றான் அவன். "இப்பப் போயி பாத்தேன்னா, அப்ப ஏம் மறச்சன்னு கேப்பான். என்ன சொல்லுவீரு?"

"கண்ணு கோளாறுன்னு."

"கண்ணு கோளாறுள்ளவன் பாத்தேன்னா எவன் நம்புவான்? நம்பலன்னா உமக்கு அவமானம். நம்பிட்டான்னா அதவிடப் பாடு. ரெண்டு குடும்பமும் உம்ம வாசல்ல வந்து நிக்கும்."

"நிக்கட்டும்" என்றாள் எஸ்தர். "இவரு தூங்காம முழிச்சிட்டுக் கெடக்கதுக்கு அது மேல்."

"அக்கா, நீ சும்மா இரி."

"நீதாம்ல வேல பிடிச்சுக் குடுத்த. நீ சும்மா இரி."

நான் காம்ளேயைக் கூப்பிட்டேன். வேற்று ஆளுக்கு நானாகப் போன் செய்தது வாழ்நாளில் நாலைந்து தடவைதான் இருக்கும். நடந்ததை முழுதும் சொன்னேன். அவர் ஹிந்தியில் சொன்னார்: "நீ சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேனா, இல்லை, சீட் தைக்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்திருப்பேனா? நானும் தினமும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். என் கையில்தானே ரேடியோ இருந்தது." அவரே விபத்தை விசாரிக்கும் அதிகாரியின் நம்பரைக் கொடுத்தார்.

அதிகாரி எங்கள் பட்டறைக்கே வந்தார். இரும்பு ஏணியில் ஏறி, தோல் சுருள்களுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அமைதியான மனிதர். போலீஸில் சொன்னது தவறு என்று முதலில் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. டாக்டர் அம்மாவின் சீட்டைப் படித்தார். திண்டை வாங்கிப் பார்த்தார். விரலால் தடவி, தானும் எண்ணினார்.

"பதினொன்று" என்றார். "ஒரு தையலுக்கு எவ்வளவு நேரம்?"

"தெரியாது ஐயா. தைத்துக் காட்டுகிறேன்."

இடது கண் அன்று கட்டுப்போட்டுத்தான் இருந்தது. அதே மாதிரி ரெக்சின், அதே நூல் எடுத்துக்கொண்டேன். அவர் கைபேசியில் நேரம் ஓட்டினார். ஞானராஜ் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

முதல் தையல் போட்டேன். கீழே சந்தில் ஒரு பெண் குழாயடியில் குடத்தைக் கவிழ்த்தாள். மூன்றாவது தையலில் அவள் யாரையோ திட்டத் தொடங்கினாள். ஐந்தாவதில், குர்லா பக்கம் இறங்கும் விமானத்தின் சத்தம் தூரத்தில் கேட்டது. ஏழில் அது பெரிதாகி, எட்டில் எங்கள் தகரக் கூரை அதிர்ந்து, பத்தில் தேய்ந்து போனது. கீழே அந்தப் பெண் திட்டி முடித்து, குடத்தை நிறைத்து, போயும்விட்டாள்.

பதினொன்று. அதிகாரி நேரத்தைப் பார்த்தார். "நாற்பத்தாறு நொடி. இன்னொரு முறை."

இரண்டாம் முறை முப்பத்தொன்பது. மூன்றாம் முறை ஐம்பத்திரண்டு. அவர் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

"ஐயா, அப்போது நான் சத்தம் போட்டிருந்தால்?" என்று கேட்டேன். இதைக் கேட்கத்தான் அவரை வரவழைத்தேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பேனாவை மூடினார். "நீங்கள் பார்த்தபோது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி?"

கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காட்டினேன். பிறகு கொஞ்சம் அகட்டினேன். பிறகு குறைத்தேன். கண்ணில் கட்டோடு எதையும் நிச்சயமாகக் காட்ட முடியவில்லை.

"இதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியாது" என்றார். "நேரம் இருந்தது. அந்த நேரம் போதுமா என்று தெரியாது. ஏன் மோதின என்று தேடுவதுதான் என் வேலை. நீங்கள் பார்த்தது அதற்கு உதவும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இவ்வளவு நேரம் வந்தன என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை."

திண்டைப் படம் எடுத்துக்கொண்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஏணியில் இறங்கும்போது அவரும் என்னைப் போலவே முகத்தை ஏணிக்குத் திருப்பிக்கொண்டு இறங்கினார்.

ஞானராஜ் மெஷினை ஓட்டப் போகவில்லை. "மச்சான், டீ சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டான். இரண்டு குடும்பத்திலிருந்தும் இதுவரை யாரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. வந்தால் என்ன சொல்வேன் என்று நான் இன்னும் தயாராகவில்லை.

மூன்றாவது மாதக் கடைசியில் இரண்டு படங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இடது ஓரத்து விளக்கு இரண்டிலிருந்து ஒன்றரையாகி, ஒன்றாகி நின்றது. டாக்டர் அம்மா சிவப்புக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சேந்துடுத்து" என்றார். மாத்திரையை விட்டால் மறுபடியும் வரும் என்று எஸ்தரைப் பார்த்துச் சொன்னார், என்னை நம்பவில்லை.

கழுத்து மட்டும் இன்னும் பழைய ஞாபகத்தில் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் இடப்பக்கம் சாய்ந்துதான் நிமிர்கிறேன். கோழி, என்கிறாள் எஸ்தர்.

திண்டின் மீதி ஓரத்தைத் தைத்து முடித்தேன். அந்தப் பதினொன்றைப் பிரித்துச் சரிசெய்யவில்லை. பட்டறையில் என் ஸ்டூலுக்குப் பின்னால் சுவரோடு வைத்து அதில்தான் சாய்கிறேன். செத்தவருக்குத் தைத்ததில் சாய்வதா என்று எஸ்தருக்குச் சங்கடம். கேப்டன் அதில் ஒரு நாள்கூடச் சாயவில்லையே என்று சொன்னேன். அது அவர் முதுகளவு, எனக்குக் கொஞ்சம் உயரம். சாயும்போது கோணலான இடம் தோளுக்குக் கீழே உறுத்தும். ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரியும்.

இப்போதெல்லாம் எதையாவது பார்த்தால் சொல்லிவிடுகிறேன். தாதர் வண்டியில் ஒருவரின் பை திறந்திருந்தது. வாயைத் திறந்து, ஹிந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தெரியும்" என்றார் அவர், மூடவில்லை. மான்குர்த்தில் ஒரு சாரத்தின் மேல் நின்றவனிடம் கயிறு தேய்ந்திருக்கிறது என்று கத்தினேன். அவன் கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இறங்கி வேறு பக்கம் போய் ஏறினான். நான் சொன்னதாலா, அவனுக்கே அங்கே வேலை முடிந்ததா, தெரியவில்லை. இனி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் மாட்டுங்கா ஸ்டேஷனில் அதே கோடியில் நின்று, தலையைத் திருப்பாமல் கண்ணை இடப்பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கடிகாரம். இடது கண்ணை மூடினேன், ஒன்று. திறந்தேன், ஒன்று. வலது கண்ணை மூடினேன், ஒன்று. அப்படியும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. துளை, இந்த ஊசி, அந்த ஊசி, இறுக்கு என்று மனதுக்குள் தைத்துக்கொண்டே பார்த்தேன். வண்டி வந்து நின்றது தெரிந்தது. பதினொன்றை முடித்துவிட்டுக் காலை எடுத்து வைத்தபோது அது நகர்ந்துவிட்டிருந்தது.

அடுத்த வண்டிக்கு நின்றேன்.